மறைத்துவைத்த சிறுத்தை

"புளியமரத்துப் பக்கம் ஒண்ணுமில்ல. நாலு யானை நிக்குது, அவ்வளவுதான்."

ரேடியோவில் டியோங்கேயின் குரல் கேட்டபோது மத்தேயோ வறண்ட ஏரியின் இக்கரையில், புதர் மறைவில் தனியாக ஜீப்பை நிறுத்தியிருந்தார். கண்ணில் பைனாகுலர். எதிர்க்கரையில் டியோங்கேயின் ஜீப். அவள் தலைக்கு மேலே புளியமரக் கிளையில், பாதி தின்ற மானைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ஒரு பெண் சிறுத்தை தூங்கிக்கொண்டிருந்தது.

யானை ஒன்றுகூட இல்லை.

மத்தேயோவுக்கு மனசு குளிர்ந்தது.

லுவாங்வா ஆற்றங்கரையில், காட்டு மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜில் அவர் பத்தொன்பது வருஷமாக வழிகாட்டி. டியோங்கே வந்து இரண்டே சீசன். இப்போது வருகிற விருந்தினர்கள் ஜீப்பில் ஏறும் முன்பே, "டியோங்கே எங்கே?" என்று கேட்கிறார்கள். போன வாரம் யாருமில்லாத நேரம் பார்த்து விருந்தினர் ஏட்டைப் புரட்டி எண்ணினார். அவள் பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. அவர் பெயர் இரண்டு இடத்தில். அதிலும் ஒருவர் மத்தேயா என்று எழுதியிருந்தார்.

சிறுத்தையோ சிங்கமோ கண்ணில் பட்டால் எல்லா ஜீப்புக்கும் சொல்லிவிட வேண்டும். அது லாட்ஜின் சட்டம்.

மத்தேயோ ரேடியோவை எடுத்தார். "மத்தேயோ பேசறேன். ஏரிக்கரைப் புளியமரத்துல சிறுத்தை. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் எல்லாரும் வாங்க."

எதிர்க்கரையில் டியோங்கே திடுக்கிட்டுத் திரும்புவது பைனாகுலரில் நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் ஏழு ஜீப்கள் மரத்தைச் சுற்றி நின்றன. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்த சிறுத்தை, மானை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஆற்றைக் கடந்து போய்விட்டது.

லாட்ஜுக்குத் திரும்பியதும் மேனேஜர் சிலுங்வே அம்மா டியோங்கேயைக் கூப்பிட்டார்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"நேத்து காலையிலிருந்து மேடம்."

"உன் கெஸ்ட்டுக்காவது காட்டினியா?"

"இல்ல."

"பின்ன யாருக்காக ஒளிச்சு வச்சே?"

அவளை முந்திக்கொண்டு மத்தேயோ சொன்னார். "யாராவது பெரிய போட்டோகிராபர் வருவான் மேடம். அவனுக்குக் காட்டிப் பேர் வாங்கத்தான். இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்குப் பேர் மட்டும்தானே வேணும்."

டியோங்கே அவரை ஒரு தடவை பார்த்தாள். "தப்புதான் மேடம்" என்றாள்.

ஒரு வாரம் ஜீப்பைத் தொடக் கூடாது, ஸ்டோர் ரூமில் வேலை என்று தீர்ப்பாயிற்று. அன்றைக்கு மத்தேயோ நிஷிமாக் களியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் கித்வேயிலிருந்து கபாசோ தம்பதி வந்தார்கள். தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த அம்மா பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவர். இந்தச் சீசனில் மத்தேயோதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

"மூணாவது தடவையா வந்திருக்கோம் மத்தேயோ" என்றார் கபாசோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "எல்லாம் காட்டிட்டீங்க. சிறுத்தைதான் பாக்கி."

"இந்தத் தடவை காட்டாம அனுப்ப மாட்டேன்."

மூன்று நாள் சுற்றினார். ஜீப்பின் முன்னிருக்கையில் அமர்ந்து தடம் பார்க்கும் கெஃபாசி கண் சிவக்கத் தேடினான். புளியமரத்தடிக்கு நாலு தடவை போனார்கள். மானின் மிச்சத்தைக் கழுதைப்புலிகள் எப்போதோ இழுத்துப் போயிருந்தன. ஆற்றின் அக்கரை மணலில் தடம் தெரிந்தது. அங்கே ஜீப் போக வழியில்லை.

கிளம்புகிற காலையில் கபாசோவின் மனைவிதான் பேசினார். "பரவாயில்லப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க? இவருக்கு முழங்கால் முடியல. இனிமே இவ்வளவு தூரம் வர முடியுமோ என்னவோ. உங்களைப் பாத்தோமே, அது போதும்."

வண்டி கிளப்பிய புழுதி அடங்கும் வரை மத்தேயோ நின்றுகொண்டிருந்தார். பிறகு கெஃபாசியிடம் பொரிந்தார்.

"எல்லாம் அந்தப் பொண்ணால வந்தது. முதல் நாளே ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லியிருந்தா இப்படி ஆகுமா?"

கெஃபாசி ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொல்லியிருந்தா முதல் நாளே ஏழு ஜீப் வந்திருக்கும்ணே. சிறுத்தை அன்னைக்கே ஆத்தைத் தாண்டியிருக்கும்."

"அதனால? யாருக்காக வச்சிருந்தாளாம்?"

துணியைப் பிழிந்து உதறிவிட்டு அவன் சொன்னான்.

"ஆபீசுல ஒட்டியிருந்த கெஸ்ட் லிஸ்ட்டைப் பாத்திருக்கா. கபாசோ ஐயா உங்களைக் கேட்டு வர்றதும், அவருக்குச் சிறுத்தைதான் பாக்கின்னும் அதுல இருந்திருக்கு. 'கபாசோ ஐயா வர்ற வரைக்கும் அது மரத்துலயே இருக்கணும். நீ அண்ணன்கிட்ட பேச்சுக் கொடுத்து அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ. ஆனா அண்ணனே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும்'னு எங்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தாண்ணே."