பிலிம் பஞ்சத்தில் ஒரு சிரிப்பு

பாடையில் அவரே ஏறிப் படுத்துக்கொண்டார்.

சினிமா செட்டில் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இங்கிலாந்து ஸ்டூடியோக்களில் பேர் எடுத்துவிட்டு மதராஸுக்கு வந்த ஒளிப்பதிவாளர் வில்ஃப்ரட், பிணம்போல் மல்லாந்து கிடந்தபடி, மேலே விளக்குகளை எங்கே நகர்த்துவது என்று விரலாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

செத்த ராஜாவாக நடிப்பவர் இன்னும் மேக்கப் அறையில். அவருக்குப் பதிலாகப் படுக்க வேண்டிய துணை நடிகரோ, ஆளை விடுங்கள் என்று கும்பிடு போட்டுவிட்டார்.

காரணம், சினிமாக்காரர்களின் ஒரு நம்பிக்கை. பிணமாக நடிப்பவர், கேமரா ஓடும்போதே எழுந்து அதைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். சிரிக்காமல் போனால் உயிருக்கு ஆகாது.

உலக யுத்தக் காலம். பிலிமுக்குப் பஞ்சம். சிரிப்புக்கெல்லாம் பிலிம் கிடையாது என்று வில்ஃப்ரட் கறாராகச் சொல்லியிருந்தார்.

உதவியாளர் எத்திராஜ் வெளிச்சம் பார்க்கக் கேமராவைக் கொஞ்சம் ஓட்டினார்.

வில்ஃப்ரட் எழுந்தார். சட்டையில் ஒட்டிய பூவிதழைத் தட்டிவிட்டார். போதும் என்று கையசைத்தார். அதற்குப் பிறகுதான் கேமரா நின்றது.

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பிலிம் துண்டைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள்.

வெளிச்சம் அபாரம். எத்தனையோ முகங்களை அழகாக்கிய மனுஷர், தன் முகத்தைத் திரையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெருமை தாங்கவில்லை.

தான் எழுந்திருக்கும் இடத்துக்காகக் காத்திருந்தார்.

திரையில் அவர் எழுந்திருக்கவில்லை. பிலிம் தீரும்வரை அப்படியே கிடந்தார்.

நேற்று சிரிக்காமல் எழுந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இந்த ஊரில் சாக அவருக்கு இஷ்டமில்லை. எந்த ஊரிலும்தான்.

உடனே கேமராவை எடுக்கச் சொன்னார். பூட்டி வைத்திருந்த புதுப் பிலிம் டப்பாவைத் தானே உடைத்தார். பஞ்சமாவது ஒன்றாவது.

பாடைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். போதாதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, செட்டே அதிரச் சிரித்தார்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

எத்திராஜ் கேமராவின் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரல் மட்டும் கெஞ்சியது.

"ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு. எந்திரிச்சு சிரிச்சிடுங்க சார். இன்னும் படுத்தே கெடக்குறீங்களே."