வெள்ளிக்கிழமைச் சாவி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, குளிர்நாட்டில் இருக்கும் எங்கள் தம்பரே ஊரில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நீராவிக் குளியல் அறை; வீட்டுக்கு வீடு வாரம் ஒரு மணி நேரம் முறை உண்டு. யார் சாவி கதவைத் திறந்தாலும் கணினியில் பதிவாகும். வராத வீட்டின் முறை வேறு வீட்டுக்குப் போய்விடும். பதிவுகளைப் பார்ப்பவள் ராய்யா. கணவன் அஹ்தி இறந்ததிலிருந்து அவளே போகவில்லை. இருவரும் சேர்ந்து போய்வந்த வெள்ளிக்கிழமை முறை பறிபோகுமோ என்ற பயத்தில் தன் வீட்டுப் பதிவைத் தேடினாள். ஏதோ பழைய பதிவுதான் மேலே வந்தது.

"அடியே, வீடுகளைத்தான் வரிசைப்படுத்தியிருக்கே. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் பதிவுங்க கலைஞ்சே கிடக்கு," என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ஹில்க்கா. "புதுசு மேல வர்ற மாதிரி கேளு."

கணினியிடம் அப்படியே கேட்டாள். அஹ்தியின் சாவி, போன வெள்ளி. அதற்கு முந்தைய வெள்ளியும். எல்லா வெள்ளியும்.

"சாவியை யாருக்குடி குடுத்தே?"

"அவரோடயே புதைச்சுட்டேன்க்கா."

ஹில்க்கா திரையை மறுபடியும் பார்த்தாள். "அப்போ உன் முறை போகாது," என்றாள்.

அந்த வெள்ளி ராய்யா போனாள். அறை சூடாக இருந்தது. மேல்பலகையில் உட்கார்ந்தாள். தண்ணீர்க் கரண்டிக்கு அவள் கை நீட்டுமுன்பே அடுப்பின் சூடான கல்லில் தண்ணீர் விழுந்து சீறியது.

"கொஞ்சமா ஊத்துங்க," என்றாள்.

அடுத்தது கொஞ்சமாக விழுந்தது.

உங்கள் வீட்டில் யார் பக்கத்து இடமும் காலியாகாமல் இருக்கட்டும், செல்லங்களா.