இரண்டாவது அடுப்பு

உம்மு குல்சூமின் புது அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

நேற்றுப் பூசிய களிமண். வீட்டுத்திட்டத்திலிருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்ட பிறகு பூசினால் எந்த அடுப்புத்தான் காயும்?

யுத்தத்தில் சிலாவத்துறையை விட்டுப் போன சனத்தைவிடத் திரும்பி வந்த சனம் அதிகம். காணி மட்டும் குட்டி போடவில்லை. அதனால் திட்டத்தில் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். ஒரே காணியில் இரண்டு குடும்பங்கள் மேலும் கீழுமாக இருக்கச் சம்மதித்தால், ஓட்டுக்கூரைக்குப் பதிலாகக் கொங்கிறீட் தட்டுப் போட்டு, அதன்மேல் இன்னொரு வீடும் கட்டித் தருவார்கள்.

இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். ஒன்று எரிந்தால் ஒரு குடும்பம், ஒற்றை அறை வீடு.

அந்த ஒற்றை அறையில் தம்பி ஜமால்தீன், அவன் மனைவி றிப்கா, மூன்று பிள்ளைகள். கணவனை இழந்த குல்சூம் எங்கே பாய் விரிப்பது? புத்தளத்துக்கே திரும்பிப் போய் யார் வீட்டிலாவது ஒதுங்க வேண்டியதுதான். புத்தளத்து அகதி முகாமில் இருபது வருடமாக றிப்காவோடு ஒரே சட்டியில் ஆக்கித் தின்றவள். இப்போது சேர்ந்திருப்பதற்காக, பிரிந்துவிட்டதாகக் காட்ட வேண்டியிருந்தது.

ஜமால்தீனுக்கு வாய் நிற்காது. அவனை விடியவே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல்நாள் அவன் கொண்டுவந்த பாரை மீனின் தலைப்பக்கம் றிப்காவின் சட்டிக்குப் போனது, வால்பக்கம் குல்சூமின் சட்டிக்கு.

திட்ட உத்தியோகத்தர் சாந்தரூபன் பல வீடுகள் ஏறி இறங்கி, மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். குனிந்து றிப்காவின் அடுப்பைப் பார்த்தார். குல்சூமின் அடுப்பையும் பார்த்தார். ஊதி ஊதி எரியவைத்ததில் இரண்டிலும் நெருப்பு, இரண்டிலும் சட்டி.

பிறகு வீட்டுப் படத்தை விரித்து, மேல்வீட்டுக்குப் படி வெளிப்பக்கத்தால்தான் போகும் என்று காட்டினார். உள்ளே படி வைத்தால் அது ஒரே வீடாகிவிடுமாம். திட்டத்தில் அதற்கு இடமில்லையாம்.

குல்சூம் தலையாட்டினாள். மாரி மழையும் தன் முழங்கால் வலியும் ஒருதடவை கண்ணுக்குள் வந்து போயின. போகட்டும், றிப்காவின் தலைக்குமேலே தனக்கு ஒரு கூரை கிடைத்தால் போதும்.

அவர் எழும்பினார். வந்த வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குல்சூமின் வாய் சும்மா இருக்கவில்லை.

"பகல் நேரத்தில வந்த ஆள் பசியோட போறதா? இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ தம்பி."

றிப்கா அவளைப் பார்த்த பார்வையில் அடுப்பே பற்றியிருக்கும். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். கோப்பையில் சோற்றைப் போட்டு, ஒரு ஓரத்தில் றிப்கா தன் மீன் ஆணத்தை ஊற்றினாள், மறு ஓரத்தில் குல்சூம் தன்னுடையதை ஊற்றினாள். தனித்தனிக் குடும்பம் அல்லவா.

சாந்தரூபன் றிப்காவின் ஆணத்தில் ஒரு வாய் வைத்தார். மெல்லுவது நின்றது. குல்சூமின் ஆணத்தில் ஒரு வாய் வைத்தார். மறுபடியும் நின்றது.

குல்சூமுக்கு அப்போதுதான் உறைத்தது.

முகாமுக்குப் போன புதிதில், ஒருத்தி போட்டது தெரியாமல் மற்றவளும் உப்புப் போட்டு, ஒருநாள் சட்டியை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். உப்பு குல்சூமின் கை, புளி றிப்காவின் கை. அதற்குப் பிறகு ஒருத்தியின் வேலையில் மற்றவள் கை வைத்ததே இல்லை.

இன்றைக்கும் வைக்கவில்லை.

றிப்காவின் ஆணத்தில் உப்பு இல்லை. குல்சூமின் ஆணத்தில் புளி இல்லை.

றிப்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குல்சூம் மனதுக்குள் யா அல்லாஹ் என்றாள்.

சாந்தரூபன் இரண்டு ஆணத்தையும் ஒன்றாகச் சோற்றில் குழைத்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார். கோப்பையில் முள்ளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு குடும்பம் என்று வாய்விட்டுச் சொல்லியே பதிந்துகொண்டார்.

குல்சூமுக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ள, நல்லவேளை, அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

வேலிப் படலை வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"அக்கா, படியை உள்ளுக்கே வையுங்கோ. மழைக்குள்ள உப்பையும் புளியையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க ஏலாது."