ஆராயாத பாலம்

இது நான் நேரில் பார்த்ததல்ல, ஒரு தவளை சொல்லிக் கேட்டது.

வாய்க்காலின் குறுக்கே தென்னை ஒன்று சாய்ந்ததும் எறும்புக்குத் தலைகால் புரியவில்லை. மழை வருவதற்குள் முட்டைகளை அக்கரை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்! ஆனால், கூலிக்கு எறும்புகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கும் ஆமைச் சங்கம் மரத்தை மறித்து உட்கார்ந்திருந்தது.

“பாலத்தை இன்னும் ஆராயலை. உன் பாதுகாப்புக்குத்தான் தங்கச்சி. எங்க வரிசையில நில்லு,” என்றார் தலைவர்.

“மழை வந்துருச்சு அண்ணே! எனக்கு முன்னால நூறு பேர் நிக்கிறாங்க.”

“அதுக்காக விதி மாறுமா?”

எறும்பின் முறை வருவதற்குள் புற்று மூழ்கிவிட்டது. ஒரு முட்டையும் மிஞ்சவில்லை. பாதுகாப்பு என்று யார் சொன்னாலும் அந்த எறும்பு இன்றும் பாய்ந்து கடிக்கிறது.

பிறகு நான் விசாரித்தேன். மரத்தை மறிப்பதென்று முடிவெடுத்த கூட்டம் அன்று காலை அக்கரையில்தான் நடந்திருக்கிறது. தண்ணீரில் இழுப்பு அதிகமென்று ஆமைகள் எல்லாரும் அந்தத் தென்னை மேலேயே நடந்து போயிருக்கிறார்கள்.