தொட்டாலே சுடும்

"ஏனுங்க, இந்தப் பொம்மைத் துப்பாக்கியைப் போயி இத்தனை நாளா நோண்டறீங்களே?" என்றாள் மனைவி மதுமதி.

லாரி ஏர் பிரேக் பட்டறை வைத்திருக்கும் சபரிநாதன் தலையைத் தூக்கவில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் டிரிக்கர் ஒன்றை அவனே செய்து, சாயக் குண்டு சுடும் தன் பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கியில் பொருத்திக்கொண்டிருந்தான்.

"கொண்டப்பநாயக்கன்பட்டி மைதானத்துக்குச் சிவப்பு முகமூடி ஒண்ணு வருது மது. வாரா வாரம் என் மேல சாயத்தை அடிச்சுட்டுப் போயிருது. இனி இது தொட்டாலே சுடும். முதல் குண்டே அதுக்குத்தான்."

"நானும் ஒருக்கா விளையாட வாரனுங்க."

"உனக்கெதுக்கு அதெல்லாம்? ஞாயித்துக்கிழமையானா நீதான் சேந்தமங்கலத்துக்கு, உங்கம்மா ஊட்டுக்குப் போயிடறியே."

"சரிங்க. டிரிக்கருக்குக் காத்துப் போற அந்தக் கடைசி ரெண்டு டியூப்பையாவது நான் மாட்டித் தாரேன், குடுங்க."

பட்டறையில் கூடமாட வேலை செய்கிறவள்தானே என்று கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, டயர் குவியலுக்குப் பின்னால் சிவப்பு முகமூடி வசமாக மாட்டியது. சபரி டிரிக்கரை அழுத்தினான். குண்டு வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினான். முகமூடி ஓடாமல் அப்படியே நின்றது.

"அமுத்துனா வராதுங்க. விரலை எடுத்தாத்தான் சுடும். ரெண்டு டியூப்பையும் நான் இடம் மாத்தி மாட்டிட்டேன்."

முகமூடிக்குள்ளிருந்து வந்தது மதுமதியின் குரல். சபரி துப்பாக்கியைத் தாழ்த்தினான், டிரிக்கரிலிருந்து விரல் நழுவியது. குண்டு அவன் காலிலேயே பட்டு நீலமாகச் சிதறியது.

"அம்மா ஊட்டுக்குப் போறேன்னியே மது?"

"அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. அடுத்த வாரம் நீங்க போயிட்டு வாங்க" என்று மதுமதி குறி பார்த்தாள்.