நடுவில் இருந்த நரம்பு

கடலுக்குள் நடந்த விஷயம் இது, சாட்சி கேட்காதீர்கள். கரையில் நின்று சூசை முந்நூறு முழம் தள்ளி வீசிய தூண்டில் முள்ளுக்கு ஒரே குழப்பம். தினமும் ஒரு கொடுவா மீன் வந்து இறாலை மென்றுவிட்டு, முள்ளைத் துப்பிவிட்டு, "உன் ஆள் கரையில தூங்குறான், தம்பி. வரட்டா?" என்று போய்விடும்.

"நிஜமாவே தூங்குறாரா?" என்று முள், தன்னைக் கரையோடு இணைத்திருந்த நைலான் நரம்பைக் கேட்டது.

"சேச்சே! காலையிலேயே வெடுக்குன்னு வெட்டி இழுத்தாரே. அப்படியே விட்டா உனக்கு வலிக்குமேன்னு நான்தான் கொஞ்சம் நீண்டு கொடுத்தேன். மிச்சம் வந்துக்கிட்டிருக்கு."

அந்த இழுப்பு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, முள்ளை லேசாகச் சொறிந்துவிட்டுப் போனது.

"நரம்பை மாத்திப் பார்ப்போம். அதுக்கும் மீன் சிக்கலேன்னா இந்த முள்ளைத் தூக்கி எறிஞ்சிடறேன்," என்றார், சாயங்காலம் வெறும் முள்ளைக் கரைக்கு இழுத்துப் பார்த்த சூசை.

மறுநாள் நடுங்கிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிய முள், நரம்புக்குப் பதில் புதிதாக வந்த பின்னல் நூலிடம், "நீங்க எவ்வளவு நீளுவீங்க, அண்ணே?" என்று கேட்டது.

"எனக்கு நீளத் தெரியாதுப்பா. அங்கே கொடுத்ததை இங்கே கொடுப்பேன்."

கொடுவா வந்து இறாலைக் கவ்வியது. கரையில் சூசை இழுத்த அதே நொடியில் முள் அதன் தாடையில் ஏறி நின்றது.

"உன் ஆள் எப்போடா முழிச்சான்?" என்று அலறியது கொடுவா.

"அவர் தூங்கவே இல்லையாம், அண்ணே. நடுவுல இருந்த ஆளைத்தான் மாத்தியிருக்கோம்."