எட்டாத பொத்தான்

நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் உள்ளே நுழைந்தபோது, பெரியவர் முக்காலி மேல் ஏறி நின்று, சுவரிலிருந்த ஸ்பீக்கரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை.

“அய்யோ, இறங்குங்க! பிடிக்கலன்னா சொல்லுங்க, நானே கழட்டிக்கிட்டுப் போறேன். விழுந்து வெச்சீங்கன்னா யார் பதில் சொல்றது?”

“நான் எங்கய்யா கழட்டறேன்? உள்ள எறும்பு கிறும்பு பூந்திருக்கான்னு பாக்கறேன். பக்கத்து வீடு பூட்டிக் கெடக்கு, ஏணி கேக்க ஆள் இல்ல. இன்னிக்குக் காலைல பாட்டு வரல.”

நெட்காரருக்குத் தோள்பையை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை. நாலு மாதத்தில் மூன்று தடவை கூப்பிட்டு, ‘அந்த எழவுப் பாட்டை நிறுத்தித் தொலை’ என்று கத்திய மனிதர் இவர்.

இதையெல்லாம் போடச் சொன்னது வெளியூரில் இருக்கும் மகள். வீடு முழுக்க நெட் எட்டுவதற்கு ஒரு ரூட்டர், பாட்டுகளை அடைத்த சின்னப் பெட்டி ஒன்று, கூடத்திலும் சமையலறையிலும் படுக்கையறையிலும் ஸ்பீக்கர். காலை ஆறு மணிக்கு அவள் அங்கிருந்து தன் போனைத் தட்டினால், இங்கே மூன்று அறையிலும் ஒரே பாட்டு கிளம்பும்.

அப்பாவும் மகளும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ‘தனியா இருக்காதீங்க, என்கூட வந்துடுங்க’ என்று அவள் சொல்ல, ‘உன் வீட்டு வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆளப் பாரு’ என்று இவர் சொல்ல, பேச்சு தடித்துப் போனது. அதிலிருந்து அவள் போன் அடித்தால் இவர் எடுப்பதில்லை.

நெட்காரர் ரூட்டரைப் பார்த்தார். விளக்குகள் பச்சையாகத்தான் எரிந்தன. பாட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், இளஞ்சூடாக இருந்தது. வயரைக் கையால் தடவிக்கொண்டே அறை அறையாகப் போனார். பெரியவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“பீரோ மறைக்குதோ? நகத்திடலாமா?”

“பீரோ நாலு மாசமா அங்கதான இருக்கு.”

“அப்ப மழைனாலயா?”

“மழை எங்கய்யா பெய்யுது? கொஞ்சம் உக்காருங்க, எனக்கு மூச்சு முட்டுது.”

பெரியவர் உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார்.

“பிடிக்காத பாட்டுக்கு எதுக்கு இவ்வளவு அலையறீங்க?” என்றார் நெட்காரர்.

“அதை ரெண்டு நிமிஷத்துக்கு மேல நான் கேட்டதே இல்லய்யா. பாட்டு கிளம்புனதும் எந்திரிச்சு வந்து நிறுத்திடுவேன். நிறுத்தற பொத்தானைத் தலைமாட்டுல வைடான்னா, நீ கூடத்துல கொண்டுபோய் வெச்சே.”

“உங்க பொண்ணுதான் அங்க வைக்கச் சொன்னாங்க. கட்டில்லேருந்து கை எட்டவே கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க.”

“பாத்தியா கொழுப்ப! சரி, நேத்து முகம் வழிச்சுக்கிட்டு இருக்கறப்ப பாட்டு வந்துது. ரெண்டு கையிலயும் சோப்பு. கத்திட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன். பாதிக்கு மேல ஒரு புல்லாங்குழல் வருதுய்யா...” பெரியவர் தொண்டையைச் செருமினார். “கடைசல் பட்டறை இரைச்சல்ல முப்பத்தஞ்சு வருஷம் நின்ன காது இது. இதுக்கும் கேட்டுதுன்னா பாரேன். இன்னிக்கு அதுக்குன்னே அஞ்சு மணிலேருந்து உக்காந்திருக்கேன். வரல.”

நெட்காரர் தன் போனைத் திறந்து பார்த்தார்.

“அய்யா, உங்க வீட்ல ஒரு கோளாறும் இல்ல. இன்னிக்கு அங்கேருந்து யாரும் தட்டல. இந்தா பாருங்க, எல்லாம் வரிசையா பதிவாயிருக்கு. முந்தாநாள் ஆறு மணிக்குப் பாட்டு, ஆறு ரெண்டுக்கு நிறுத்தியிருக்கு. அதுக்கு முந்தின நாளும் அப்படித்தான். நாலு மாசமா ஒரு நாள் தவறல. நேத்து மட்டும் முழுசா ஓடியிருக்கு.”

“இது அவளுக்கும் தெரியுமா?”

“அவங்க போன்லயும் இதேதான் வரும்.”

பெரியவருடைய முகம் தொங்கிப்போனது.

“அப்ப தினமும் பாத்துட்டே இருந்திருக்கா. ஆசையா ஒரு பாட்டுப் போட்டா, அப்பன் மூஞ்சிலடிச்ச மாதிரி நிறுத்தறானேன்னு. எத்தனை நாள்தான் பொறுத்துக்குவா? வெறுத்துப்போய் விட்டுட்டா.”

“ஒரு போன் பண்ணிப் பேசிடுங்களேன்.”

“நேத்துப் பூரா அவதான் அடிச்சுக்கிட்டே இருந்தா. இருபது தடவை இருக்கும். வழக்கம்போல கவுத்து வெச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக மகளுடைய எண்ணைத் தேடித் தட்டினார். காதில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடத்தில் போனை மடியில் போட்டுக்கொண்டார்.

“ஆஃப் பண்ணி வெச்சிருக்கா. அவ்வளவு கோவம்.”

நெட்காரர் முக்காலியில் ஏறினார். கழன்று தொங்கிய ஸ்பீக்கரைச் சுவரில் வைத்துத் திருகத் தொடங்கினார்.

வாசலில் ஏதோ வண்டி கிறீச்சிட்டு நின்றது. கேட் படாரென்று சுவரில் மோத, யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்து நின்றாள். கையில் பை இல்லை. காலில் வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“போனை ஏம்மா அணைச்சு வெச்சே?” என்று பெரியவர் தடுமாறி எழுந்தார்.

“சார்ஜ் தீந்துபோச்சு,” என்றாள். கிட்டே வந்து அவருடைய தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள்போல உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“நேத்து ஏம்ப்பா பாட்டை நிறுத்தல?”